ஐந்து வளைவுப் பாலத்தை மூடியவள்

பழைய பாலங்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. சுத்தியலால் கல்லைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே கெட்டியாக இருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். "நாங்க இருமினா திரும்பிப் பார்க்க மாட்டா, பாலம் இருமினா ஓடுவா" என்று அக்கா புருஷன் கேலி செய்வார். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அந்த மாமாதான்.

அக்காவும் மாமாவும் ஆற்றுக்கு அந்தக் கரையில் குடியிருந்தார்கள். ஆஸ்பத்திரி இந்தக் கரையில். நடுவில் ஐந்து கல் வளைவுகள் கொண்ட பழைய பாலம்.

அந்த வருஷம் வெள்ளம் வடிந்ததும் சோதிக்கப் போனாள். நடுத்தூணுக்கு அடியில் ஆறு மண்ணை அரித்திருந்தது. மேலே வளைவில் விரல் நுழையும் விரிசல். விரிசலை விட அவளைப் பயமுறுத்தியது வேறு. வளைவுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுதான் நிற்கின்றன. ஒன்று விழுந்தால் பக்கத்து வளைவின் தள்ளலுக்கு எதிர்ப்பு இருக்காது. ஒல்லியான தூண் சாயும், பிறகு வரிசையாக ஐந்தும் போகும். ஒன்று போனால் மற்றது தாங்கிப்பிடிக்க வழியே இல்லை.

"லாரியை மட்டும் நிறுத்தினா போதாதாம்மா?" என்றார் மேலதிகாரி.

"போதாது சார். இது சொல்லிட்டு விழாது."

இருபுறமும் கான்கிரீட் கட்டைகளை வைத்து அடைத்தார்கள். ஊரே அவளைக் கரித்துக் கொட்டியது. மாமா மட்டும் கடைத்தெருவில், "அவ சும்மா சொல்ல மாட்டா" என்று சண்டை போட்டாராம்.

அடுத்த மாதம் ஒரு காலையில் மாமாவுக்கு நெஞ்சுவலி. அவரை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ், ஆற்றின் மேல்பக்கம் வெகுதூரத்தில் இருந்த இன்னொரு பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. எதிர்க்கரையில் ஆஸ்பத்திரிக் கட்டடம் அக்காவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"மறைக்காம சொல்லு. அன்னைக்கு ஒரு தடவை அந்த வண்டியைப் பாலம் தாங்கியிருக்காதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தாங்கியிருக்கும்க்கா. அநேகமா தாங்கியிருக்கும்."

"அப்புறம் ஏன்டி மூடின?"

"எந்தத் தடவை தாங்காதுன்னு எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. அதான்."

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாலத்தைப் பிரித்தபோது நடுத்தூணுக்கு அடியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. கூட வேலை செய்பவர்கள் படமெடுத்து அனுப்பி, "நல்லவேளை தப்பிச்சோம்" என்றார்கள். அவள் அதை அக்காவிடம் காட்டவில்லை. காட்டினால் மாமா எழுந்தா வரப்போகிறார்?

இப்போது புதுப் பாலம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்கா தட்டு வைக்கிறாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்கிறாள். அதற்கு மேல் பேச்சில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே இருவரும் சாப்பிடுகிறார்கள்.