அக்சா வருவதற்குள் ஒரு ரூம்

எங்கள் அத்தான் வேதசிரோமணிக்கு லேட் என்ற சொல்லே ஆகாது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிறார். டிரைவர் டீ கிளாஸை வாயில் வைக்கும்போதே விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீண்டால், சபைப் போதகர் ஐயர் கண்ணில் படும்படி கையைத் தூக்கி வாட்ச் பார்ப்பார். இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கே என் அக்கா ரோசம்மாளுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நான் சொல்வேன். அக்கா சிரிப்பாள், அத்தான் முறைப்பார். எனக்கு அந்த முறைப்பு பழகிவிட்டது. நான் செல்வின், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன ஈஸ்டர் முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டார். ராஜபாளையத்தில் அவர்கள் இருந்த வாடகை வீடு மாடியில். படிக்கட்டு செங்குத்து. சிலிண்டர் போட வருகிறவர் திட்டிக்கொண்டேதான் ஏறுவார். அவர்களுடைய ஒரே மகள் அக்சாவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரியை அந்தப் படியில் எப்படி ஏற்றுவது? அவசர அவசரமாக வீடு வாங்கியதே அதற்காகத்தான்.

அக்காவுக்கு இதில் இன்னொரு வேகமும் இருந்தது. எங்கள் அம்மா நான் பால்வாடிக்குப் போகிற வயதிலேயே இறந்துவிட்டாள். அப்பா எங்களை ஆளுக்கொரு சொந்தக்காரர் வீட்டில் விட்டார். அக்கா அக்சாவைச் சுமந்தபோது அவளுக்குப் போய் இறங்க ஒரு வீடு கிடையாது. பெரியாஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு வாடகை வீட்டுக்கே திரும்பினாள். பக்கத்து வீட்டு நூர்னிசா அக்கா வெந்நீர் போட்டுக் கொடுத்ததோடு சரி, பச்சை உடம்போடு அக்காதான் எழுந்து சோறு பொங்கினாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அப்பா மேல் கோபம் வரும்.

சரி, வீட்டுக்கு வருவோம். வீடு கெட்டி, ஆனால் கிழடு. சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. பாத்ரூம் கொல்லையில் இருந்தது. வயரெல்லாம் பிய்ந்து தொங்கியது. மகாராஜபுரத்துக்காரர் ஜெயபாண்டி கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "தீபாவளிக்கு முடிச்சிரலாம் அண்ணாச்சி" என்றார்.

"தீபாவளியா? ராஜபாளையத்துல எடுத்த வண்டி விடியறதுக்குள்ள மெட்ராஸ் போய் நிக்குது. ஒரு வீட்டுக்குத் தீபாவளி வரைக்குமா?" என்றார் அத்தான்.

அன்றைக்கே வீட்டு வேலைக்கு டைம் டேபிள் போட்டார். மே மாசம் ஆரம்பம். இடிக்க ஒரு வாரம், சுவருக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு, டைல்ஸுக்கு இவ்வளவு, ஜூலை கடைசியில் பெயிண்டு. ஆகஸ்ட் முதல் வாரம் ஐயர் வந்து வீட்டுப் பிரதிஷ்டை, மறுநாள் அக்சா. ஒரு வேலை முடிந்த மறு நிமிஷம் அடுத்த வேலை. டிரைவருக்கு டீ குடிக்கவே நேரம் கொடுக்காதவர் கொத்தனாருக்கா கொடுப்பார்? என் கடைக்குக் கொண்டுவந்து லேமினேஷன் போடச் சொன்னார்.

"லேமினேஷன் போட்டுட்டா மாத்த முடியாது அத்தான்."

"மாத்துறதுக்கா மாப்ள போடுதோம்?"

இடிக்கிற வேலை மட்டும் டைமுக்கு நடந்தது. அதுவும் வீடு முழுக்க ஒரே மூச்சில். எல்லா ரூமிலும் தரையைப் பெயர்த்து, பழைய பாத்ரூமைத் தரைமட்டமாக்கி, அடுப்பு மேடையையும் தட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வீடு தன் வேலையைக் காட்டியது. பின்பக்கத்துக் கதவு நிலையைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது, கரையான். சுவரைக் கொத்தினால் உள்ளே ஈரம். முன் ரூமில் பூச்சு முடிந்த மறுநாள் காலையிலேயே பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார் அத்தான். ஜெயபாண்டி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இதுக்கு இன்னும் தண்ணி அடிக்கணும். பொறவு ஆறணும், காயணும். ஈரத்துல பெயிண்டு அடிச்சா அப்பளமா பொரிஞ்சிரும்."

"எம்புட்டு நாளாவும்?"

"அது வெயிலப் பொறுத்தது."

வெயிலைப் பொறுத்தது என்கிற பதிலை எந்த டைம் டேபிளில் எழுதுவது? அத்தான் பெயிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். இதற்கிடையில் அவருடைய சொந்த ஊரில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே கூடிச் சமைத்து, சபைக் கோயில் வாசலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. பந்தி நேரத்துக்கு நடக்க வேண்டுமானால் அத்தான் இல்லாமல் முடியாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வீட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே போய்விட்டார். ஆட்கள் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த லேட்டை அவர் கணக்கில் எழுதவே இல்லை.

ஜூலை பாதி தாண்டி ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், வீட்டில் ஒரு ஆள் கிடையாது. அத்தான் மட்டும் மணல் குவியல் பக்கத்தில் நிற்கிறார். ஜெயபாண்டி போனை எடுக்கவில்லை. மணல் லாரிக்காரரிடம் கேட்டால், "தேர் வருது சார், ரத வீதி தாண்டி லாரி விட மாட்டாங்க" என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அத்தான், ஆடி பொறந்தாச்சு. ஆடி அமாவாசைக்கு ஜனம் பூரா தாணிப்பாறை வழியா மலைக்குப் போவும். அது முடிஞ்ச கையோட இங்க ஆடிப்பூரம் தேர். எந்தக் கொத்தனார் வருவான்? வருஷா வருஷம் இது ரெண்டுக்கும் ஸ்பெஷல் பஸ் விடுறது யாரு?"

அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் டைம் டேபிள் போட்டது வீட்டில் தொங்குகிற சபை காலண்டரைப் பார்த்து. அதில் எந்த ஞாயிறு பைபிளில் எந்தச் சங்கீதம் வாசிக்க வேண்டும் என்று இருக்கும். ஆடி மாசம் இருக்காது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவருக்கு ஆடி நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மறந்துபோகும் போல.

அன்றைக்கு மதியமே, ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடியிலிருந்து சம்மந்தியம்மா செலினா போன் பண்ணினார். தங்கமான மனுஷி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "வீடு ஆகலைன்னா சங்கடப்படாதிய மதினி. அக்சாவை நாங்க இங்கயே வச்சுப் பாத்துக்கிடுதோம். பிரசவமும் இங்கயே ஆகட்டும்." அக்கா, "சரி மதினி, பாக்கலாம்" என்று போனை வைத்தாள். சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத்தான் போறதுக்கு ஒரு வீடு இல்லாமப் போச்சு. எம்பிள்ளைக்குமா?" என்றாள். அத்தான் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

மறுநாள் காலை அக்கா என் ஸ்கூட்டரில் ஏறி, "ஏலே செல்வின், புது வீட்டுக்கு விடு" என்றாள். அத்தானும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உடைந்த செங்கலைத் தாண்டித் தாண்டி, பின்பக்கத்து ரூமில் போய் நின்றாள். நல்ல காற்று வருகிற ரூம் அது.

"இந்த ஒரு ரூம். இதை ஒட்டி ஒரு பாத்ரூம். வெந்நீர் போட ஒரு அடுப்பு மேடை. இம்புட்டுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஆனாலும் சரி, அடுத்த ஈஸ்டருக்கு ஆனாலும் சரி."

"அரைகுறை பஸ்ஸை ரோட்டுல விட முடியுமா ரோசம்மா?"

"பின்சீட்டு கிழிஞ்சிருந்தா வண்டியை நிப்பாட்டிருவியளா? ஓட்டத்தான செய்றிய?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் அக்கா பக்கம்தான் நான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அடுத்த இரண்டாம் நாள் ஆடி அமாவாசை. அத்தானுக்கு மலையடிவாரத்தில் ஸ்பெஷல் டூட்டி. அக்கா கொடுத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வத்திராயிருப்பு வழியாக நானும் போனேன். நின்றபடியே ஒரு மணி நேரப் பயணம். அடிவாரத்தில் ஒரே கூட்டம், பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். அத்தான் விசிலை வாயில் வைத்தவர், ஊதாமல் அப்படியே நிற்கிறார். எதிரே ஒரு பந்தலுக்குள், பெரிய பானைக்குப் பின்னால், எங்கள் ஜெயபாண்டி கொத்தனார் சர்பத் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பத்து நாளைக்கு இங்கே கடை போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கமாம்.

"அண்ணாச்சி! வாங்க, வாங்க. வெயிலுக்கு ஒரு சர்பத் குடிங்க."

"ஏன்யா, வர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"நீங்க எப்போ வருவேன்னுதான அண்ணாச்சி கேட்டிய? எப்போ வர மாட்டேன்னு ஒரு தடவை கூடக் கேக்கலையே."

அத்தான் பந்தலுக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சர்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "சரி, இப்போ கேக்கேன். எப்பல்லாம் வர மாட்டே?" என்றார். ஜெயபாண்டி ஒளிக்காமல் சொன்னார். தேர் அன்றைக்கு வர மாட்டார். மச்சினன் வீட்டுக் காது குத்துக்கு வர மாட்டார். அன்றைக்கு ஒரு ஸ்பெஷல் வண்டி லேட்டாகத்தான் கிளம்பியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அதன் பிறகு அவருக்கு அதே வேலையாகப் போனது. ஆளைப் பார்த்ததும் எப்போ வர மாட்டே என்றுதான் கேட்பார். எலெக்ட்ரீஷியன் ஃபயாஸுக்குத் தங்கை சனாவின் நிக்காஹ் இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிற வல்லரசுக்குத் தலை ஆடி, மாமனார் வீட்டு விருந்து பாக்கி. "அத்தான், நீங்க எப்போ வர மாட்டிய?" என்று நான் கேட்டேன். தேர் டூட்டி என்று முணுமுணுத்தார். சாவியை அன்றைக்கே அக்காவிடம் கொடுத்துவிட்டார். பூச்சு காய்வதற்கென்று நாலைந்து நாளைச் சும்மா விட்டு வைத்தார். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், அக்சா வருவதற்குள் மிச்சம் இருந்த நாட்களுக்கு ஒரு ரூம்தான் தாங்கும். அக்கா கேட்டதும் அதைத்தானே?

தேர் நிலைக்கு வந்த பிறகு ஆட்கள் சொன்னபடி வந்தார்கள். டைல்ஸ் வண்டி மட்டும் ஒரு நாள் பிந்தியது. வேறு நேரமாயிருந்தால் அத்தான் குதித்திருப்பார். இந்தத் தடவை, "சும்மா விட்ட நாள்ல ஒண்ணு போச்சு, அவ்வளவுதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பூச்சுக்குத் தண்ணீர் அடித்தார். டூட்டிக்குப் போகுமுன் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஐயர் வந்து அந்த ஒரு ரூமில் நின்று ஜெபம் பண்ணினார். மற்ற ரூமுக்கெல்லாம் பொறவு வாரேன் என்று சிரித்துக்கொண்டே போனார். அக்சா வந்தாள். நல்லபடியாகப் பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்த ரூமுக்குத்தான் வந்தார்கள்.

பிள்ளையைப் பார்க்க மாப்பிள்ளை ஸ்டெபினும் சம்மந்தியம்மாவும் வந்தார்கள். முன் ரூமில் பூச்சு மட்டும்தான், தரையில் வெறும் சிமெண்டு. அடுப்படிக்குக் கதவு வரவில்லை, அக்காவின் சேலை ஒன்று தொங்கியது. அக்கா கையைப் பிசைந்துகொண்டே, "வேலை இன்னும் கிடக்கு மதினி" என்றாள். செலினா அம்மா சுற்றிலும் பார்த்தார். பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"பச்சப்பிள்ளைக்குத் தூசி ஆவாது மதினி. கார்லதான் வந்திருக்கோம். இப்பமே கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. கட்டிலில் சாய்ந்திருந்த அக்சாதான் பேசினாள்.

"நல்லா இருக்கே அத்தை! அம்மா வீட்டுக்கு வந்து இன்னும் ஆற அமர உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள கூப்பிடுதிய. நான் மூணு மாசம் கழிச்சுத்தான் வாரேன். இந்த ரூம்ல தூசி எங்க இருக்கு?"

செலினா அம்மா சிரித்துவிட்டார். "சரிதான் தாயி, இரு. அம்மா வீட்டை யாரு விடுவா?" என்று பிள்ளையை அவள் மடியில் வைத்தார்.

அக்காவைக் காணவில்லை. சேலையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து கிளறுகிறேன் என்ற சாக்கில், கண்ணீர் பொலபொலவென்று கொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"ஏலே, அம்மா வீடுன்னு சொல்லுதா அவ." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எனக்குச் சொல்லக் குடுத்து வைக்கல. கேக்கவாவது குடுத்து வச்சிருக்கே."