எனக்கும் வைரம் வேண்டும்

அடுப்புக்கரியும் பென்சில் முனையும் வைரமும் ஒரே பொருள்தான் என்று உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அது எப்படி நிஜமாக இருக்கும் என்று கேட்டாய். நிஜம்தான் மகளே. அதற்குக் கார்பன் என்று பெயர். உள்ளே அடுக்கியிருக்கும் விதம்தான் வேறாம். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அந்த அடுக்கைப் படம் போட்டுக் காட்ட எனக்கு வராது. ஆனால் அந்த மூன்றையும் வைத்து நான் பட்ட வயிற்றெரிச்சலை எழுத வரும். தம்பிக்கும் வாசித்துக் காட்டு. அவனுக்கு இன்னும் சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் தகராறு. கரியைக் கறி என்று வாசித்துவிட்டு, அப்பா கம்பெனியில் சமையல் வேலையா பார்த்தார் என்பான்.

புனேக்குப் பக்கத்தில் சிஞ்ச்வட்டில் நான் இருந்த கம்பெனியில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்தார்கள். கடைசலில் வெட்டி வரும் சக்கரம் மெத்தென்ற இரும்பு. அப்படியே வண்டியில் மாட்டினால் பல் தேய்ந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரேயடியாகக் கடினமாக்கினால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். ஆகவே தோல் மட்டும் இறுக வேண்டும், உள்ளே இளக்கமாகவே இருக்க வேண்டும். அதற்குத்தான் கரி. இரும்புப் பெட்டிக்குள் சக்கரங்களை அடுக்கி, இடுக்கெல்லாம் கரித்துண்டும் ஒரு வெள்ளைப் பொடியும் கொட்டி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி உலைக்குள் தள்ளுவோம். சூட்டில் கரி மெல்ல மெல்ல இரும்பின் தோலுக்குள் இறங்கும். பிறகு எடுத்து எண்ணெயில் முக்கினால் அரம் போட்டாலும் வழுக்கும். பூசிய களிமண்ணில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போச்சு. காற்று புகுந்து கரி எரிந்துவிடும், சக்கரம் போனபடியே திரும்பி வரும்.

அந்தப் பெட்டி கட்டும் வேலை என்னுடையது. எப்படிக் கழுவினாலும் நகக்கண்ணில் கரி போகாது.

சக்கரம் இறுகிவிட்டதா என்று பார்ப்பவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பான். அவன் மெஷினில் கூர்மையாக ஒரு வைர முனை. அதைச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது என்று முள் காட்டும். வைரத்தை விடக் கெட்டியானது எதுவும் இல்லையாதலால் அதை வைத்துத்தான் மற்றதை அளக்கிறார்கள். நான் கரியோடு, அவன் வைரத்தோடு. அவன் யார் தெரியுமா? அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வந்தவன். ஒரே அறையில் தங்கி, ஒரே ஸ்டவ்வில் பொங்கித் தின்றவன். கல்யாணமான பிறகும், சால் என்று அங்கே சொல்லும் வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த அறைதான். அவன் பதினொன்றாவது பாஸ். அந்த இரண்டு வருஷப் படிப்பு அவனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டது.

அவனுக்கு வெள்ளைக் கோட்டு. பையில் எப்போதும் சீவின பென்சில். இளகிய சக்கரத்தின் மேல் அந்தப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு எனக்குத் திருப்பி அனுப்புவான். அவன் வேண்டுமென்றே போடுகிறான் என்று நான் நினைத்த நாள்களும் உண்டு. சாலில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடி. அவன் சட்டை நீலம் போட்டு வெளுத்துப் பளிச்சென்று தொங்கும். பக்கத்தில் என் சட்டை தொங்கும். உங்கள் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நீ செய்ததுதான். உனக்கு அப்போது நடக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் நானும் அவனும் ஒன்றாகத்தான் படியேறி வருவோம். நான் கை நீட்டுவேன். நீ என் விரலைப் பார்ப்பாய், "அப்பா ஹாத் காளா" என்பாய், தாண்டிப் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். கை கறுப்பு என்று சொல்ல உனக்குத் தமிழ் வருவதற்கு முன்னே மராட்டி வந்திருந்தது. அவன் உன்னைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதுதான் இன்னும் எரிந்தது.

அப்படி இருக்கும்போது இரண்டாவது வைர மெஷின் வந்து இறங்கியது. கண்ணாடி அறைக்கு இன்னொரு ஆள் எடுக்கப் போகிறார்கள், படிப்பு பார்க்கவில்லை, கேட்பவர்கள் சூப்பர்வைசரிடம் நேரில் கேட்கலாம் என்றார்கள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அந்த நாற்காலி கிடைத்தால் என் கையும் வெளுக்கும், நீ என்னிடம் வருவாய். அவ்வளவுதான் என் கணக்கு.

சூப்பர்வைசர் புனே நகரத்துச் சதாசிவ் பேட்டைக்காரர், சுத்த மராட்டி பேசுகிறவர். அவர் பாஷையிலேயே கேட்டால் மனம் இளகுவார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் மராட்டி பேச ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். தமிழ் வார்த்தையின் வாலில் உள்ள 'அம்'மை வெட்டிவிட்டால் பாதி நேரம் மராட்டி ஆகிவிடும். காரணம், காரண். தூரம், தூர். விஷயம், விஷய். அந்தக் கணக்கில் வைரத்தின் வாலையும் வெட்டினேன். உலைக்கு முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"சாஹேப், மலா பண் வைர் பாஹிஜே."

எனக்கும் வைரம் வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோணாஷி?"

யாரோடு என்கிறார். யார் பக்கத்தில் உட்காரப் போகிறாய் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டேன். கண்ணாடி அறையைக் கை காட்டி, அவனோடுதான் சாஹேப் என்றேன். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாஹேப் சிரிக்கவில்லை. போய் வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் படியேறும்போது அவன்தான் சொன்னான்.

"ஏல, மராட்டியில வைரத்துக்கு ஹீரான்னு பேரு. வைர்னா பகை. எனக்கும் பகை வேணும், அந்தா இருக்கானே அவன்கூடன்னு கேட்டுட்டு வந்திருக்க."

"நான் அப்படி நினைச்சுச் சொல்லல."

"தமிழ்லயும் வைரம்னா பகைன்னு ஒரு அர்த்தம் உண்டுடே. படிச்சிருக்கேன்." சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினான். "நாளைக்கு நானே சாஹேப்ட்ட எடுத்துச் சொல்லுதேன். உனக்குத்தான் சீட்டு. விடு."

எனக்கு நாக்கு தவறாகச் சொன்னதா, சரியாகச் சொன்னதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

சொன்னபடியே மறுநாள் போய்ச் சொன்னான். சாஹேப் என்னை உலைக்கே தேடி வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இந்த முறை எனக்குப் புரிய வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

"ஹீரா சாஹியே க்யா?" வைரம் வேண்டுமா என்கிறார்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலையை ஆட்டி ஆட்டி, சரி சொல்லு என்று சைகை காட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் முடிவாயிற்று. அவன் வாங்கித் தந்த நாற்காலியில், அவன் பக்கத்திலேயே, சாகிறவரைக்கும் நன்றி சொல்லிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

"நஹி சாஹேப். பட்டி டீக் ஹை," என்றேன். உலையே போதும்.

அந்த இடம் கோலாப்பூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. உங்கள் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு என்ன பைத்தியமா என்றாள். நான் மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த பெட்டியிலிருந்து களிமண்ணை இரண்டு பூச்சாகப் பூசினேன். அவன் பென்சிலுக்கு வேலை வைக்கக் கூடாது என்ற ஒரே வெறிதான். பெருக்கல் குறி வருவது குறைந்துபோயிற்று. நல்ல பெட்டி என்று அவன் பாராட்டினான். அதுவும் பிடிக்கவில்லை.

வேலையில்லாத அந்தப் பென்சிலை அவன் ஒரு நாள் உனக்குக் கொடுத்துவிட்டான். நீ அப்போது பால்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தாய். வாசலில் குப்புறப் படுத்துப் பழைய தாளில் கிறுக்கினாய். எட்டிப் பார்த்தால் முதலில் வரைந்திருந்தது அவனை. வட்டத் தலை, குச்சிக் கை, பையில் பென்சில்கூட இருந்தது. பிறகு பக்கத்தில் இன்னொரு ஆளைப் போட்டாய். அவனுக்கு நான்கு கோட்டோடு விட்டவள், இந்த ஆளைத் தலை முதல் கால் வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தாய். தாள் பளபளவென்று கறுத்தது. நடுவில் முனை மழுங்கிப் போய், அம்மாவிடம் கொடுத்து மறுபடி சீவி வாங்கிக்கொண்டு வந்து தேய்த்தாய். யார் இது என்றேன். அப்பா என்றாய்.

நீ முடிப்பதற்குள் அவனுடைய பென்சில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. எல்லாம் என் மேலேயே. அதை வாங்கி அவன் வீட்டு ஜன்னல் விளிம்பில், அவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வந்தேன்.