பேசி முடித்த தோட்டம்

வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்று கம்பம் கடைவீதியில் படியேறி இறங்கிய காலத்தில், ஆணிக்கடைக்காரர் ஒருவர் என்னை முழுசாகப் பேசவிட்டு, பிறகு கேட்டார்: "ஏலே, கம்ப்யூட்டர் வச்சிருக்கவன் அமெரிக்காவுல இருந்து வந்து எங்கிட்ட அரைக்கிலோ ஆணி வாங்குவானா?" நியாயமான கேள்வி. நான் அடுத்த கடைக்குப் போனேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, இடுக்கியில் ஏலத்தோட்டம், கொச்சியில் ஒரு லாட்ஜ் என்று சுற்றினேன். அந்த லாட்ஜில் ரூம் கூட்டும் வேலை. வரவேற்பில் இருந்த கம்ப்யூட்டரில் ஒருவர் லாட்ஜுக்கு வெப்சைட் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று பையில் இருந்தது, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் படுத்துக்கொண்டேன். வாடகை கிடையாது. காலையில் கூட்டிப் பெருக்கிக் கடையைத் திறந்து வைக்க வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் ஒரு மிஷினில் என் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் டீயும் பன்னும்.

முதலில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. பிறகு கூடலூரில் தேக்கடிக்கு ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர். அவருக்கு டெல்லியில் இருந்து ஒரு குடும்பம் போன் செய்து ஜீப் கேட்டுவிட்டது. அதை அவர் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததில்தான் ராயப்பன்பட்டி அக்கா என்னைத் தேடினார்.

அக்காவுக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பன்னீர் திராட்சை. கணவர் பள்ளி ஆசிரியர், தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதில் இருந்து மருந்தடிக்கிறவரை எல்லாம் அக்காதான். ஒவ்வொரு காய்ப்பையும் ஒரே கேரள வியாபாரிதான் எடுத்துக்கொண்டிருந்தார், கம்பத்துத் தரகர் பாய் ஒருவர் மூலமாக. வியாபாரி சொன்னதுதான் விலை.

"ரெண்டு பேரு கேட்டாத்தான் தம்பி வெல. ஒருத்தர் மட்டும் கேட்டா அவுக பாத்துக் குடுக்கிறதுதான்" என்றார். "வெளியூர்ல ஜூஸ் கம்பெனி, பெரிய ஓட்டல் எவனாச்சும் கேக்கணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

பழம் கறுத்து நிற்கும்போதுதான் படம் எடுக்க வேண்டும் என்று காத்திருந்து எடுத்தோம். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தால் தலையில் குலை இடித்தது. கீழே எழுதவேண்டியதையும் அக்காவே சொன்னார்: பழம் பழுத்து நிற்கிறது, வேண்டுமென்பவர்கள் கூப்பிடலாம், இது என் செல் நம்பர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் போட்டேன்.

அந்தத் தோட்டம் ஏற்கெனவே பேசி முடித்த தோட்டம் என்பது எனக்குத் தெரியாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. காய் திரளும்போதே வியாபாரி வந்து பார்த்து, தரகர் முன்னால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் தோட்டம் பேசி முடிந்தாயிற்று. எழுத்து எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு வேறு வியாபாரி வரப்புக்கே வரமாட்டார். தோட்டக்காரர் வேறு யாரிடமும் விலை பேசமாட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு குலை அறுப்பதென்றாலும் வியாபாரியிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாதா? பிறந்ததில் இருந்து தெரியும். ஆனால் வெப்சைட் என்பது வெளிநாட்டுக்காரனும் பெங்களூர்க்காரனும் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். "இங்கன உள்ளவுக எவுக தம்பி அதப் பாக்கப் போறாக?" என்று பிறகு என்னிடமே கேட்டார். வரப்பில் நின்று இன்னொரு வியாபாரியோடு பேசியிருந்தால் அது தப்பு என்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் நின்று பேசினது கணக்கில் வராது என்று இருந்துவிட்டார்.

பெங்களூரில் இருந்து ஒரு ஜூஸ்காரர் கூப்பிட்டுவிட்டார். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரமே அறுப்பு. காலையில் லாரியும் வெட்டு ஆட்களும் வரவேண்டும். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஐப்பசி மாதம். மேற்கே மலையைக் காணவில்லை, மேகம் இறங்கி மூடியிருந்தது. பழுத்த திராட்சையில் நல்ல மழை ஒன்று விழுந்தால் போதும், தோல் வெடித்துவிடும். பிறகு ஈக்குத்தான் ஆகும்.

அக்கா ஆள் அனுப்பி நான் போய்ச் சேர்ந்தபோது தரகர் பாய் வந்திருந்தார். வண்டியை விட்டு இறங்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

"அட்வான்ஸ வாங்கிட்டு ஊரு ஒலகத்துக்கே வித்துக்கிட்டு இருக்கீகளாம்ல?"

"நா எங்க பாய் வித்தேன்?"

"கேரளா மொதலாளியோட மருமகன் எர்ணாகுளத்துல ஆபீசுல இருக்காப்ல. கம்ப்யூட்டர்ல பாத்தாப்லயாம். உங்க பந்தலு, உங்க பழம், உங்க நம்பரு. மொதலாளி ஒரு சத்தம் போடல. ஆள வேற தோட்டத்துக்கு விட்டுட்டாக. அவ்வளவுதான்."

"சரி, வேற யாரயாச்சும் வந்து அறுக்கச் சொல்லுங்க."

"யாரு வருவாக? நா நடுவுல நின்னு முடிச்ச தோட்டம். அவரு விட்டேன்னு சொல்லாம ஒருத்தனும் உள்ள கால் வைக்கமாட்டான். நீங்களா அறுத்தாலும் தப்பு. என் மொகத்துல எவன் முழிப்பான்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "வெப்சைட்டுல இருந்து பக்கத்த எடுத்துரட்டுமாக்கா? உடனே எடுத்துரலாம்."

பாய் என் பக்கம் திரும்பினார். "இவருதானா அது? தம்பி, எடுத்தா எப்படி? அவுக பாத்தாச்சு. திரும்பப் போய்ப் பாத்து இல்லேன்னா, களவாண்டவுக ஒளிச்சு வச்சுட்டாகன்னுல்ல நெனப்பாக? எடுக்காத. பேசி முடிஞ்சதுன்னு போடு. எப்பவும் இந்த மொதலாளிக்குத்தான்னு ஒரு வார்த்த சேத்துப் போட்டா அவருக்கு மனசு எறங்கிரும்."

"அதுக்கு நா எதுக்கு வெப்சைட்டு போடணும்?" என்றார் அக்கா. "அவரு வீட்டுச் சுவத்துல எழுதி வச்சுட்டு வந்துருவேன்ல."

பந்தலுக்குள் காற்று ஈரமாக அடித்தது. அக்கா ஒரு குலையைக் கையில் தாங்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

"தம்பி, நா சொல்றத அப்படியே போடு. இந்தக் காய்ப்பு பேசி முடிஞ்சது, யாரும் கூப்பிட வேண்டாம். அடுத்த காய்ப்பு இன்னும் பேசல, வேணுங்கிறவுக கூப்பிடலாம். இம்புட்டுதான்."

"ரெண்டாவது வேண்டாம்மா" என்றார் பாய். "அதப் பாத்தா அவருக்கு ரோசம் வந்துரும். வானத்தப் பாருங்க."

"மொதலாவது நெசம்னா ரெண்டாவதும் நெசம்தான பாய்? ஒண்ண மட்டும் போட்டா அப்புறம் என்னைக்கும் நா அவரு கைக்குள்ளதான்."

பாய் தன் வண்டியிலேயே என்னைக் கம்பத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அதே பேச்சு. "தம்பி, ரெண்டாவது வரிய விட்டுரு. அம்மா பாக்கவா போறாக? இங்கிலீஷ்லதான போடுவ? எனக்கும் தெரியாது, அவுகளுக்கும் தெரியாது. தோட்டம் பொழச்சுக்கும்." அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. மழை விழுந்தால் அக்காவுக்கு அந்த வருஷம் எழுந்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை. யுபிஎஸ் எப்போதோ செத்துப்போயிருந்தது. வாசலில் நின்றோம். பாய் செல்லைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அக்கா கூப்பிட்டார். "இங்கன இருட்டிக்கிட்டு வருது. போட்டாச்சா?" பாய் செல்லை என்னிடம் நீட்டினார்.

கரண்ட் வந்ததும் உட்கார்ந்தேன். பாய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதல் வரியை அடித்தேன். பாய் என் தோளில் கை வைத்தார். அடுத்த வரியையும் அடித்தேன். எழுதச் சொன்னவர் அக்கா, தோட்டம் அவருடையது, அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஏற்றி முடித்ததும் பாய், "ரெண்டும் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். நெற்றியில் கைவைத்துக்கொண்டு வியாபாரிக்குப் போன் செய்தார்.

வியாபாரி மருமகனிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மருமகனே பாயைக் கூப்பிட்டார். ஒன்றும் மாறவில்லை, பழையதுதான் இருக்கிறது என்றார்.

பாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஊரை ஏமாற்ற வந்தவன். செல்லை வாங்கினேன். ஒருமுறை பார்த்த பக்கத்தை மிஷின் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழையதையே காட்டும். அதை மருமகனுக்குச் சொல்ல வேண்டும். அவர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு எழுதத் தெரிந்த அளவு பேச வராது. லாட்ஜில் பழகிய மலையாளத்தில் கண்ட்ரோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எஃப் ஃபைவை அழுத்தச் சொன்னேன். அழுத்தியாச்சு, பழையதுதான் என்றார். கண்ட்ரோலை விடாமல் அழுத்துங்கள் சார் என்றேன். பட்டன் சத்தம் கேட்டது. பிறகு அவர் மெதுவாக வாய்க்குள் படிப்பது கேட்டது. முதல் வரி. கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வரி. "ஆ, சரி" என்று வைத்துவிட்டார்.

சரி என்றால் என்ன சரி? பாய்க்கும் தெரியவில்லை. வியாபாரியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தூறல் கம்பம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து நின்றுபோனது. அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பாய், "பாத்துட்டாக" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

விடிந்ததும் ராயப்பன்பட்டிக்கு முதல் பஸ்ஸில் போனேன். வாங்கவேண்டிய திட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். தோட்டத்து வழியில் லாரி நின்றது. ஆட்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி தானே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "என்னோடு ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாமே சேச்சி?"

"சொல்லியிருக்கணும்ணே" என்றார் அக்கா. அதோடு அறுப்பு ஆரம்பித்தது.

நானும் பெட்டி தூக்கினேன். பாயும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்கினார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க நேரமில்லை. மதியத்துக்கு முன்பே மழை பிடித்தது. அறுத்தவரை லாரிக்குப் போனது. கடைசிப் பக்கத்துப் பந்தல் முழுக்க அறுக்காமல் நின்றுவிட்டது. கண்முன்னால் தோல் பிளந்து சாறு வடிந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மோட்டார் ரூமுக்குள் எல்லோரும் ஒதுங்கினோம். வியாபாரி இந்தக் காய்ப்புக் கணக்கை முடித்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து நீட்டினார். அடுத்த காய்ப்புக்கு அட்வான்ஸ்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை நீளவில்லை. "காய் திரளட்டும்ணே. கேக்குறவுக கேக்கட்டும், நீங்களும் வந்து கேளுங்க."

பாய் மழையைப் பார்த்தார். வியாபாரி பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"அந்த ரெண்டாமத்தே வரி எப்போ மாத்தும்?"

"அக்கா சொல்லும்போது சார்."

"அதுவரெக்கும் எல்லாரும் காணும்?"

"காணும் சார், எல்லாரும் பாப்பாக."

தலையை ஆட்டினார். பிறகு பாயிடம் கேட்டார், கவாத்து எப்போது என்று. கவாத்து வெட்டின நாளில் இருந்துதான் அடுத்த காய்ப்புக்குக் கணக்கு. அதுவரை அவர் கவாத்து நாளெல்லாம் கேட்டதில்லை, காய் வந்தபின் ஆள் அனுப்புவதோடு சரி. பாய், அதை அம்மாகிட்டயே கேளுங்க என்று கையைக் காட்டினார்.

"மழ விடட்டும்ணே" என்றார் அக்கா. "சொல்லிவிடுறேன்."