ஊடு

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஓவிய நோட்டை விரித்துக் காட்டினாள். கிரேயான் வாசனை குப்பென்று வந்தது. ஓட்டு வீடு, வாசலில் ஆடு, எல்லாமே அழகு. அடியில் பென்சிலால், ‘வீடு’ என்பதற்குப் பதில் ‘ஊடு’ என்று எழுதியிருந்தாள். நாளைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

அவள் வயதில், ராசிபுரத்துப் பள்ளியில், சொல்வதெழுதலில் நானும் இப்படித்தான் எழுதினேன். மார்க் சேர்த்துக் கிடைக்குமென்று பக்கத்தில் கிரேயானில் ஒரு வீட்டையும் வரைந்து வைத்தேன். வாத்தியார் அப்பாவை வரச் சொன்னார். மூன்று நாள் காய்ச்சல் என்று நடித்தும் நான்காம் நாள் தப்பிக்க முடியவில்லை.

“ஏனுங்க சார், பையன் என்னங்க தப்பு பண்ணீட்டான்?”

“படமெல்லாம் நல்லாப் போடறானுங்க. எழுத்துத்தான் தப்பு. ஊட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் சிரிப்பு வந்தது. மார்க் மட்டும் வரவில்லை.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை போல. பதறிப்போய் மகளிடம் கத்தினேன்.

“அழிச்சிரு சாமி! ஊட்டுல பேசற மாதிரியேவா எழுதுவாங்க?”

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ரப்பரை என் கையில் வைத்தாள்.

“மொதல்ல நீங்க சொன்னத அழிங்கப்பா.”