குடும்பப் பொறுப்புக் காரணமாக

“...எந்தக் குடும்பம், தம்பி? அதையும் உந்தத் தாளில எழுதித் தந்தவையோ? எழுதியிருந்தால் வாசியும், நானும் கேக்கிறன்.”

ஒழுங்கையின் நடுவே சைக்கிளைக் குறுக்காக நிறுத்திவிட்டு அக்கா கேட்டார். என் ஆட்டோவின் முன்சில்லுக்கும் அவருக்கும் ஒரு முழ இடைவெளிதான். என் கையில் மைக். மடியில் கட்சிக்காரர் தந்த தாள். அப்போதுதான் நான் வாசித்து முடித்த வரி இது: ‘குடும்பப் பொறுப்புக் காரணமாகத் தமது பிரதேச சபை உறுப்பினர் பதவியை விருப்புடன் துறந்த...’ அதன் பிறகு அக்காவின் பெயர். அதன் பிறகு புதிய உறுப்பினரின் பெயரும், மாலையில் அவருக்கு நடக்கவிருந்த வரவேற்பும். இரண்டு ஒழுங்கைகளுக்கு அதைச் சத்தமாகச் சொல்லி முடித்துவிட்டு மூன்றாவதுக்குள் திரும்பியிருந்தேன்.

அக்கா எங்கள் வட்டாரத்து மாதர் சங்கத் தலைவி. வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் ஷெல் விழுந்து போனவர். ஒரே மகன் சண்டையின் கடைசி நாட்களில் எங்கே போனான் என்று இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. வீட்டில் அவரும் ஒரு பசுவும்தான். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் செத்தவீடு, திருவிழா, சங்கக் கூட்டம் என்று ஊருக்கு அறிவிப்பவன். தாளைத் தந்தால் வாசிப்பேன். அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அக்கா தேர்தலுக்கு வந்த கதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டம் பெண் வேட்பாளர்கள் வேண்டும் என்றது. கட்சிக்காரர் பெண் தேடி அலைந்தார்கள். பிரதேச சபைக்கு எங்கள் வட்டாரத்தில் வெல்ல மாட்டோம் என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். தோற்கிற இடத்துக்கு ஒரு பெண் பெயர் போதும், அவ்வளவுதான் கணக்கு. அக்காவுக்கோ வேறு கணக்கு. எங்கள் உள் ஒழுங்கைகளின் கிணற்றுத் தண்ணீர் கோடையில் வாயில் வைக்க முடியாது. சபையின் தண்ணீர் பவுசர் வண்டி கண்டி வீதியோடு நின்றுவிடும். குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெண்கள் வெயிலில் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். “அந்தப் பவுசரை உள்ளுக்குத் திருப்பினால் காணும் தம்பி, வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்,” என்றார்.

வேட்புமனுவுக்குக் கையெழுத்து வைத்த அன்று, கட்சி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஒலிபெருக்கி பூட்டப் போயிருந்தேன். கட்சி அமைப்பாளர் ஒவ்வொரு தாளாக நீட்டினார். கடைசித் தாளில் ஒன்றுமே இல்லை, வெள்ளை. கீழே ஒரு இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினார்.

“இதென்ன தம்பி, வெறும் தாளாக்கிடக்கு?” என்று அக்கா கேட்டார்.

“அது ஒரு முறைக்கு அக்கா. எல்லாரும் வைக்கிறவை. நாளைக்குக் கடிதம் கிடிதம் எழுதவேண்டி வந்தால் உங்களை அலைக்கழிக்கக்கூடாதெல்லே?”

அக்கா வைத்தார். வயரைக் கையில் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் படிக்காத சனம் என்று சிரிப்பார்கள். அக்கா படித்தவர், சங்கத்தின் கூட்ட அறிக்கையை அச்சுக் குத்தினமாதிரி எழுதுவார். ஆனால் நாங்கள் அகதி முகாமில் இருந்து வந்தவர்கள். அங்கே கூரைத் தறப்பாளுக்குக் கையெழுத்து, அரிசிக்குக் கையெழுத்து, காணாமல் போன பிள்ளையைத் தேடித் தரவும் கையெழுத்து. விளங்காத மொழியில் இருந்த தாளிலும், பிறகு நிரப்புகிறோம் என்று சொன்ன தாளிலும் வைத்தோம். ஏன் என்று கேட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அப்படி வரிசையில் நிறுத்தி எங்கள் கைகளைப் பழக்கியெடுத்தார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் எங்கள் ஆட்களே, எங்கள் மொழி பேசுகிறவர்களே, எங்கள் துன்பத்தை மேடையில் அழுது சொல்கிறவர்களே சாவகாசமாக அறுவடை செய்தார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

வாக்குக் கேட்க அக்கா வாகனம் எடுக்கவில்லை. வீடு வீடாகச் சைக்கிள்தான். நான் சில நாட்கள் பின்னால் போனேன். ஒரு கிழவர் படலையைத் திறக்காமலே கேட்டார்: “பிள்ளை, வெண்டாப்பிறகு நீ வருவியோ, இல்லாட்டி உன்ர படம் மட்டும்தான் வருமோ?”

“படம் வந்தால் கிழிச்சு அடுப்பு மூட்டுங்கோ அப்பு. நான் வந்தால் தேத்தண்ணி தாங்கோ.”

“எந்தத் தண்ணியில ஊத்துறது?”

“அதுக்குத்தானே கேக்க வந்தனான்!”

கிழவர் சிரித்துக்கொண்டே படலையைத் திறந்தார். அந்தக் கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. அக்கா வென்றார். அமைப்பாளருக்கே வாய் அடைத்துப்போயிற்று.

வென்ற பிறகும் சைக்கிள்தான். சபையில் கத்திக் கத்தி, செவ்வாயும் வெள்ளியும் பவுசரை உள்ளே வரவைத்தார். சந்தியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் வந்தது. பவுசர் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் திருவிழாவுக்கு ஓடுவதுபோல ஓடும். பிறகு ஒரு வெள்ளி பவுசர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அது அமைப்பாளர் கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டில் சீமெந்து குழைக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றதை அக்கா போய்க் கண்ணால் கண்டார். அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்டார், அவ்வளவுதான். “சனம் குடிக்கிற தண்ணியோ, சுவர் குடிக்கிற தண்ணியோ சபைக்கு முக்கியம்?”

அந்த வெள்ளைத் தாள் அதன் பிறகுதான் பதவி விலகல் கடிதமாக நிரம்பியது. என்ன எழுதுவது என்று எத்தனை பேர் கூடியிருந்து யோசித்தார்களோ தெரியாது. சுகவீனம் என்று எழுதியிருக்கலாம். அவர்கள் குடும்பப் பொறுப்பு என்று எழுதினார்கள். பெண் என்றால் அந்தக் காரணத்தை ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்ற துணிவு. ஒருவரும் மிச்சமில்லாத வீட்டின் வாசலில் நின்று குடும்பம் என்ற சொல்லை எடுக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

இன்று அந்தக் கதிரையில் வேறொருவர் இருக்கிறார். பவுசர் பழையபடி கண்டி வீதியோடு நிற்கிறது. சந்தித் தாங்கிக்குள் அரணை ஓடுகிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் வட்டாரத்துப் பெண்களிடம் யார் படிவம் நீட்டினாலும், வெறுமையாகக் கிடக்கிற இடமெல்லாம் குறுக்குக் கோடு கீறிவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறார்கள். அலுவலர்களுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும். நானும் தாளை முழுக்க வாசித்து, தெரியாததைக் கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன்.

நான் அந்த அறிவிப்பை வாசித்த அன்றைக்கு அக்கா தாங்கியடியில் குடத்தோடு பவுசருக்குக் காத்து நின்றிருக்கிறார். தான் பதவி விலகிய செய்தியை என் ஒலிபெருக்கியில்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். எந்தக் குடும்பம் என்று கேட்டவர் கையை நீட்டினார். தாளை வாங்கி, ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

“அண்டைக்கு நான் கையெழுத்து வைக்கேக்க நீரும் அங்க நிண்டனீர் என்ன?”

“ஓம் அக்கா.”

“வெறும் தாள் எண்டு கண்டனீர் என்ன?”

“கண்டனான்.”

“அப்ப ஆட்டோவைத் திருப்பும். முதல் ஒழுங்கையில இருந்து துவங்குவம்.”

ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதிக் கடிதம் என் பெயரில் இருந்தது. வரவேற்பு அறிவித்தலுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவைத் திருப்பினேன். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அவர் பின்சீற்றில் ஏறினார். முதல் ஒழுங்கை முகப்பில் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, நான் செய்வதுபோலவே இரண்டு தரம் ஊதிப் பார்த்தார். தன் முழுப்பெயரையும் சொன்னார். பிறகு, “எனக்குக் குடும்பம் இல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும்,” என்று தொடங்கினார்.