அழுகை அடங்கும் வரைக்கும்

அக்கா பிள்ளையைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் புருஷன், எங்கள் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. பட்டாளத்துச் சிப்பாயைப் பாண்டிச்சேரியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லீவு முடிந்து அவர் கப்பலேறப் புறப்பட்டபோது பிள்ளைக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. "நான் வந்து அழச்சிக்கிற வரைக்கும் நீ பாத்துக்கம்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி வருஷக்கணக்காக மடி வெறுமையாக இருந்தவள் நான். அவர் சொன்னதில் "பாத்துக்கம்மா" மட்டும்தான் என் காதில் ஏறியது.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு மில்லுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டு வரிசையில். என் வீட்டுக்காரர் அந்த மில்லில்தான் தறி ஓட்டினார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு பிள்ளை அழுதால் வரிசை முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள் எல்லாரும் வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள்.

தவழும் வரைக்கும் பிள்ளை இருக்கிற இடம் தெரியாது. பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்ததும் அடம் ஆரம்பித்தது. கேட்டது கைக்கு வராவிட்டால் உடம்பை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்வான். தலையைத் தரையில் மோதுவான். கத்திக் கத்தி மூச்சு நின்று உதடு நீலம் பாயும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அக்காவைப் போல இவனும் போய்விட்டான் என்று நினைத்து, அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டம்மா முகத்தில் தண்ணீரை அடித்தாள். அவன் மறுபடி கத்தினான். நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் செய்யாதது ஒன்றுமில்லை. மிளகாய் சுற்றிப் போட்டேன். கோயிலில் விபூதி, தர்காவில் தாயத்து. பெரிய மார்க்கெட்டில் ஒருநாள் காய்க்காரியின் தராசுப் படிக்கல் வேண்டுமென்று அவன் மீன் தண்ணீரில் புரண்டபோது, பெற்றவளாக இருந்தால் இப்படி விடுவாளா என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வழியெல்லாம் அந்தப் பேச்சு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மற்ற ஊர்களில் அழுகிற பிள்ளையைப் பூச்சாண்டி பிடித்துப் போவான். எங்கள் வரிசையில் அந்த வேலை சொல்தாவுடையது. பட்டாளத்து பூட்ஸ் சத்தத்துக்கு ஊரே பயந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். "அழுதா சொல்தா வந்து புடிச்சிக்கினு போயிடுவாரு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. பிள்ளையும் வாயை மூடிக்கொள்வான், ஆனால் தூக்கத்தில் விம்முவான். அவன் அப்பாவே ஒரு சொல்தா என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் எனக்கே உடம்பு முடியவில்லை. அவன் விழுந்து புரண்டபோது தூக்கத் தெம்பில்லாமல், மடித்த சேலை ஒன்றை அவன் தலைக்குக் கீழே தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையை மட்டும் தரையில் விரித்து வைத்தேன். கத்தினான், உதைத்தான். கொஞ்ச நேரம் போனதும் ஈரமான ஒரு சின்னக் கை வந்து என் கைமேல் விழுந்தது. அவன் அடத்துக்கு அவனே பயந்துதான் போயிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அதுதான் என் வைத்தியம். கெஞ்சுவதில்லை, மிரட்டுவதில்லை. அடம் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. உதடு நீலமாவது அபூர்வமாயிற்று.

அவனுக்கு இரண்டு வயது நெருங்கும்போது மாமா வந்தார். கூடப் புது மனைவி. வரிசையின் முனையில் யாரோ சந்தோஷமாக, "சொல்தா வந்துட்டாரு" என்று குரல் கொடுத்தார்கள். பிள்ளை என் முந்தானைக்குள் புகுந்து அலறிய அலறலில் மூச்சு நின்றது. பெற்றவர் கையிலிருந்த பிஸ்கோத்து டப்பாவோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அதைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

பிரான்சுக்கே கூட்டிப் போய்ப் படிக்க வைக்கப் போவதாக அன்று சாயங்காலம் சொன்னார். நான் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணை வெறுக்க ஒரு காரணம் தேடினேன். அவளோ பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்று எட்டவே உட்கார்ந்திருந்தாள். மாமா தினமும் வருவார். பிள்ளை தினமும் அலறுவான். இப்படிப்பட்ட பிள்ளையை எப்படிக் கப்பலில் ஏற்றுவார், விட்டுவிட்டுத்தான் போவார் என்று பக்கத்து வீட்டம்மா எனக்குத் தைரியம் சொன்னாள். நானும் அதையே நம்பினேன். எந்த அடத்தை ஒழிக்கக் கோயில் கோயிலாக ஏறினேனோ அந்த அடத்தைத்தான் அந்த நாட்களில் மலைபோல் நம்பியிருந்தேன்.

புறப்படும் நாளன்று நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயிலில் பம்பாய் போய் அவர்கள் கப்பலேற வேண்டும். மாமா கைக்குப் போனதும் பிள்ளை வளைந்து பின்னால் சாய்ந்தான். அவர் தட்டிக்கொடுத்தார், பிஸ்கோத்து காட்டினார், கடைசியில் அதட்டினார். கூட்டம் கூடிவிட்டது. அவர் பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னால முடியலம்மா. இவன் அடங்கலன்னா இங்கயே இருக்கட்டும், உன்கிட்டயே."

நான் சும்மா நின்றால் போதும். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார், நில் என்று. நின்றேன். பிள்ளையின் குரல் அறுந்தது. உதடு நீலமாகத் தொடங்கியது. அதற்குமேல் நிற்க என்னால் ஆகவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தேன்.

கை வந்தது. விம்மல் ஓய்ந்து என் தோளில் சாய்ந்து, அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டினாள். தூக்கம் கலையாமல் அவனை மாற்றிக் கொடுத்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டு, "மறுபடி அழுதா நான் என்னாக்கா பண்றது?" என்று கேட்டாள்.

"பக்கத்துல ஒக்காந்துக்கம்மா. ஒண்ணும் பேசாத. அவனே கை குடுப்பான்."

அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்பார்களோ என்று ஒரு மனது இன்றைக்கும் கேட்கிறது. சொல்லியிருக்காவிட்டால் அங்கே மூச்சு முட்ட அழுதிருக்கப் போகிறவன் அவன்தானே.