கம்பளிக்கும் சேர்த்துச் சொன்ன எடை

என் கைக்குத் தராசு தேவையில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் எடுக்கிற யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நெய்மீனைச் செவுளில் விரல் கொடுத்து ஒருமுறை தூக்கினால் போதும், எடையைச் சொல்லிவிடுவேன். பிறகு தராசில் வைப்பதெல்லாம் ஊருக்காக. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐஸ் சுமந்தேன், சைக்கிளில் மீன் கொண்டுபோனேன், ஏலக்காரன் ஆனேன். இன்றைக்கு என் வண்டிகள் இரண்டு கேரளத்துக்குப் போய் வருகின்றன. எல்லாம் இந்த இரண்டு கை செய்த காரியம். இனி சொல்லப்போவதும் இதே கை செய்த காரியம்தான்.

இளைய மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். மருமகனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு கம்பளி கொடுத்தனுப்பியிருந்தார். குழந்தைக் கம்பளி. இரட்டைத் தடிமன், பூனை முதுகு மாதிரி மெத்தென்று, நடுவில் ஒரு புலிக்குட்டி. பனி பெய்கிற நாட்டுப் பிள்ளைக்காகச் செய்தது. எங்கள் ஊரில் ஃபேன் நின்றால் கட்டின துணி நனைந்துவிடும். அதனால் என்ன, தகப்பன் அனுப்பியதாயிற்றே. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் நானே அதைச் சுற்றிவிட்டேன், மூக்கும் வாயும் மட்டும் தெரிகிற மாதிரி.

பிள்ளை உறங்கினான். கோயில் மணிக்கு எழும்பவில்லை. குக்கர் விசிலுக்கு எழும்பவில்லை. பார்க்க வந்த பெண்கள் தூக்கிக் கொஞ்சி, இறக்கி வைத்துவிட்டுப் போனது கூட அவனுக்குத் தெரியாது.

மகள்தான் பயந்தாள். "அப்பா, ரெண்டு வாட்டி சப்புதான், ஒடனே உறங்கிருதான். எழுப்பிக் குடுக்கட்டா?"

"ஏட்டி, வயிறு நெறஞ்ச பிள்ளைதான் உறங்கும். உறங்குத பிள்ளைய எழுப்பாத," என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று பிள்ளையைத் தூக்கி, கையில் இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். "மூணு கிலோ நானூறு. அஞ்சு நாள்ல அரைக்கிலோவுக்கு மேல ஏறியிருக்கான். எனக்க ரத்தம்லா."

அத்தோடு மகள் வாயை மூடிக்கொண்டாள். அப்பா கை தப்பாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். நான் ஏலக்கூடத்தில் லட்டு கொடுத்தேன். வீடியோ காலில் மருமகனிடமும் மூணு நானூறு என்று சொன்னேன். அவர் அங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். என் பெஞ்சாதி மட்டும், "துணி நனையவே மாட்டேங்குது, நான் துவைக்கியதுக்கு ஒண்ணுமில்ல," என்று முணுமுணுத்தாள். வேலை குறைந்தால் சந்தோஷப்படாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் நர்சம்மா வந்தார். வீடுவீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கிற அரசாங்க நர்ஸ். வந்ததும் கம்பளியைத்தான் பார்த்தார்.

"இது என்ன, காஷ்மீரா?"

கம்பளியைப் பிரித்தார், உள்ளே இருந்த துணியையும் அவிழ்த்தார். கொக்கியில் தொங்குகிற தராசில் துணித்தொட்டில் கட்டிப் பிள்ளையை அதில் கிடத்தித் தூக்கினார். முள்ளைப் பார்த்தார். இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார். "ரெண்டு அஞ்ஞூத்தி அறுவது."

"ஒங்க தராசு பழசு, நர்சம்மா."

"போன மாசம் வந்தது."

விடுவேனா நான்? ஏலக்கூடத்துக்குப் போன் போட்டேன். என் எலக்ட்ரானிக் தராசு ஆட்டோவில் வந்து இறங்கியது. "மீன் தராசுலயா எனக்க பிள்ளைய வைக்கப்போறிய?" என்று மகள் கேட்டாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, துண்டு விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பிள்ளையை வைத்தேன். இரண்டு கிலோ ஐந்நூற்றறுபது. அதே எண்.

எனக்கு ஒன்று தோன்றியது. பிள்ளையை எடுத்துவிட்டுக் கம்பளியை வைத்தேன். எண்ணூற்று நாற்பது. இரண்டையும் கூட்டினால் மூணு நானூறு.

"பாத்தியளா," என்றேன். "மூணு நானூறுன்னு சொன்னேன், மூணு நானூறு. ஒரு கிராம் மாறல்ல. எனக்க கை பொய் சொல்லாது."

என் பெஞ்சாதி கம்பளியை எடுத்து என் மடியில் போட்டாள். "அப்பம் நீங்க கம்பளிக்குப் பால் குடுங்க. பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்."

நர்சம்மா சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. துணியில்லாமல் கிடந்த பிள்ளையின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதையில்லாமல் தோல் மடிந்து கிடந்தது. கம்பளியைச் சுற்றின நாளிலிருந்து நான் அந்தத் தொடையைப் பார்த்ததே இல்லை. மடியில் கிடந்த கம்பளியை எடுத்துக் கீழே வைத்தேன்.

நர்சம்மா கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "பொறந்த பிள்ளைக்கு முதல்ல கொஞ்சம் எடை எறங்கும். இது கொஞ்சம் இல்ல. பசிச்சு அழுவதுக்கும் பெலன் வேணும்லா, அது கொறஞ்சு போச்சு. அதான் உறங்குது. கண்ணுல மஞ்ச இல்ல, காய்ச்சல் இல்ல, அதனால ரெண்டு நாள் பாப்போம். ஏறல்லண்ணா ஆஸ்பத்திரில சேக்கணும். அதுக்கு முன்ன குடிக்கவே மாட்டேன்னுட்டாண்ணா ஒடனே எனக்கு விளியுங்க."

செய்யவேண்டியதையும் காட்டிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும். கம்பளி ஆகாது. வெற்றுடம்போடு தாயின் நெஞ்சில் போட வேண்டும். ஈரத்துணியால் முகத்தைத் துடைக்க வேண்டும், உள்ளங்காலைத் தேய்க்க வேண்டும். அப்படியும் சப்பாவிட்டால் பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும்.

பிள்ளையை எழுப்புவது என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். ஊரையே எழுப்புகிற தொண்டை என்னிடம் இருக்கிறது. ஏலம் முடிந்து வந்து, கை கழுவி, பிள்ளையின் பக்கத்தில் நின்று சாளை மீன் ஏலம் ஒன்று விட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். பிள்ளை இன்னும் கொஞ்சம் சுகமாக உறங்கினான்.

"வயித்துல கெடக்கும்பமே இந்தச் சத்தம் கேட்டவன்," என்றாள் பெஞ்சாதி. "அவனுக்கு இது தாலாட்டு."

மகள் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். மனு கொண்டுவந்தவனைப் பார்க்கிற ஆபீசர் மாதிரி அரைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அப்போதுதான் என் பெருவிரலை அவன் உள்ளங்காலில் வைத்து மேலே இழுத்தேன். உப்பும் செதிலும் வள்ளக் கயிறும் நாற்பது வருஷமாக உரசின விரல் அது. சுறாத்தோலுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்தான். முகம் சுருங்கியது, சிவந்தது, வாய் திறந்தது. வீட்டுக்கு வந்து முதல்தடவையாக ஒழுங்காக அழுதான். மகள் அவனை அப்படியே மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

படித்தவன் விரலுக்கு இது வருமா? வராது.

மகள் பால் கொடுக்கும்போது நான் அங்கே இருக்க முடியாது. ஆனால் விரல் இல்லாமல் முடியவும் முடியாது. பெஞ்சாதிதான் வழி கண்டுபிடித்தாள். மகள் சேலையால் மூடி உட்காருவாள், பிள்ளையின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். நான் கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டுவேன். சப்புவது நின்றால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"அப்பா, விரல்."

தேய்ப்பேன். ஒரு முனகல், மறுபடி சப்பல். துறைமுகத்தில் என் சொல்லுக்குப் பத்துப்பேர் ஓடுவார்கள். இங்கே நான் ஒரு காலுக்கு வேலைக்காரன். பகலெல்லாம் என் முறை. இருட்டினால் பெஞ்சாதியின் முறை, பாலாடையோடு. மருமகன் வீடியோ காலில் கம்பளி எங்கே என்று கேட்டார். "அத தனியா நிறுத்து வச்சிருக்கு, மக்களே," என்றாள் பெஞ்சாதி.

இரண்டாம் நாள் நர்சம்மா வந்தார். தொட்டிலைத் தூக்கும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முள் நடுங்கி நின்றது.

"ரெண்டு அறுநூத்தி நாப்பது," என்றார். நேற்று நனைந்த துணி எத்தனை என்று கேட்டார். ஏழு என்றாள் பெஞ்சாதி, மெடல் வாங்கினவள் மாதிரி. "அப்பம் ஆஸ்பத்திரி வேண்டாம். ஆனா அவனே எழும்பிக் கேக்குத வரைக்கும் எழுப்பியத நிறுத்தாதிய."

நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் மூன்று நாள் என் விரல் வேலை செய்தது.

நான்காம் நாள் ஏலம் முடிந்து வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே அழுகை கேட்டது. நல்ல கோபமான அழுகை. பெஞ்சாதி அடுக்களையில் நின்றாள், மகள் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தாள். யாரும் அவனை எழுப்பவில்லை.

கை கழுவி, என் இடத்தில், கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். விரல் கேட்டுக் குரல் வரவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வாழ்நாளில் யாரிடமும் சொல்லாதது என்பதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"மக்களே," என்றேன். "அன்னிக்கு நீ எழுப்பட்டான்னு கேட்டப்பம், நான் சொன்னது..."

"பேசாம இருங்கப்பா," என்றாள் மகள். "குடிக்கான்."

பேசாமல் இருந்தேன்.